கிலோவுக்கு இரண்டு கிராம்

துண்டைக் கடித்த மறுகணமே லேப் சாரின் இடது கண் தானாக மூடிக்கொண்டது. தாடை இரண்டும் பூட்டிக்கொண்டன. தும்மலா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று மூக்குவரை வந்து நின்றது.

பொரித்த கோழி கொஞ்சம் புளிக்கலாம். இது புளிப்பில்லை, தண்டனை.

சுவர்க் கடிகாரம் ஒன்பதே காலைக் காட்டியது. ஒரு மணிக்கு மனைவி வருகிறாள்.

அவர் ஒரு கல்லூரியில் ரசாயன ஆய்வுக்கூட உதவியாளர். தெருவுக்கே அவர் 'லேப் சார்'தான். ஞாயிற்றுக்கிழமைகளில்கூடக் காலையில் போய்க் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வைத்துவிட்டு வருவார். மதியம் வீடு திரும்பினால் மனைவி பொரித்த கோழி தட்டில் இருக்கும். மொறுமொறுவென்று, கடைசியில் நாக்கின் ஓரத்தை மெல்லக் கிள்ளும் ஒரு புளிப்போடு. உறவுக்காரர்கள் மொத்தப் பேரும் அந்தக் கோழிக்கு அடிமை. செய்முறை கேட்டால் அவள் சிரிப்பாள். ஞாயிறு காலை சமையலறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

தவளை தன் வாயால் கெடும். லேப் சார் ஒருநாள் மிச்சமிருந்த துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் ஒளித்து லேபுக்குக் கொண்டுபோனார். முடிவு தெரிந்ததும் சும்மா இருந்தாரா? இரண்டு வாரத்துக்கு முன்பு, மாமனார், மாமியார், மச்சான் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று அறிவித்தார்.

"உங்க பொண்ணோட கைப்பக்குவம் என்னன்னு கண்டுபிடிச்சுட்டேன்! வெறும் சிட்ரிக் ஆசிட். கெட்டில் கழுவ நான் வாங்கி வெச்ச பவுடர்! அளவு தெரிஞ்சா யார் வேணா செய்யலாம். சமையலே கெமிஸ்ட்ரிதான்."

மனைவியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஒரு சாதாரணப் பவுடருக்கா இத்தனை கோபம் என்று அவருக்குப் புரியவே இல்லை. அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நேற்றுதான் போன் வந்தது.

"யார் வேணா செய்யலாம்னீங்கல்ல? நீங்களே செய்யுங்க. நாளைக்கு ஒரு மணிக்கு வர்றேன். என் ருசி இருந்தா பெட்டி உள்ள வரும். இல்லைன்னா அக்கா ஊர்ல ஒரு வேலைக்குக் கூப்பிடுறாங்க, நான் போயிடுவேன்."

"நீ இல்லாம..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஆகவே இன்று காலை முதல் வேலையாக, மனைவி வழக்கமாக வாங்கும் கறிக்கடையில் போய் நின்றார். கறிக்கடைக்காரர் கேட்டதற்கு ஒன்றும் கேட்காததற்கு நான்கும் பேசுகிறவர். இன்று ஏனோ உதட்டை இறுக்கிக்கொண்டு ஒரு கிலோ வெட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது மட்டும், "ஒண்ணு" என்றார்.

"ஆமா, ஒரு கிலோதான்" என்றார் லேப் சார்.

சிட்ரிக் ஆசிட் எவ்வளவு போடுவது என்பதுதான் கேள்வி. பாக்கெட்டின் பின்னால் அச்சிட்டிருந்தது: கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இருபது கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கோழியும் ஒரு கிலோ. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. சின்னத் தராசில் இருபது கிராமை இம்மி பிசகாமல் நிறுத்து, மசாலாவோடு சேர்த்துப் பிசறினார். அரை மணியில் கறி, வேகாமலே வெந்ததுபோல் வெளிறிப்போனது. கெட்டிலாக இருந்திருந்தால் பளபளத்திருக்கும். அதில் ஒன்றைப் பொரித்துக் கடித்ததுதான் அந்த ஒன்பதே கால் தண்டனை.

"பதறக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஆசிடுக்கு மருந்து சோடா."

பாத்திரத்தில் மிச்சமிருந்த கறியின்மேல் சமையல் சோடாவைப் பாதி டப்பா கொட்டினார். பாத்திரத்துக்கு உயிர் வந்தது. சிவப்பு நுரை புஸ்ஸென்று எழும்பி விளிம்பைத் தாண்டி, அடுப்பை அணைத்து, மேடையிலிருந்து வழிந்து அவர் காலடிக்கு வந்தது. துணி எடுக்க ஓடியவர் அந்த நுரையிலேயே வழுக்கி, குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்து நின்றார். அடுப்பைத் துடைத்து, ஒரு துண்டைப் பொரித்துப் பார்த்தார். துணி சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது.

கழுவினால் போகும் என்று குழாயடியில் வைத்து அலசினார். மசாலாவும் சேர்ந்து போனது. மறுபடி மிளகாய்ப்பொடியைத் தடவி, ஈரம் சொட்டச் சொட்ட எண்ணெயில் போட்டார். எண்ணெய் சடசடவென்று வெடித்துக் கூரைவரை பாய்ந்தது. ஓடிப்போய்க் குடையை எடுத்துவந்து விரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் மறைவிலிருந்து கரண்டியை நீட்டினார். அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்?

"என்னங்க சத்தம் அங்க?" என்றாள் மனைவி.

"மழை."

"இங்க வெயில் கொளுத்துதே?"

"இங்க மட்டும். லேசா."

"ம்ம். நல்லா நனைங்க" என்று வைத்துவிட்டாள். பின்னால் மாமியார் சிரிக்கும் சத்தம் கேட்டதோ?

மணி பத்தரை. மறுபடி கறிக்கடை.

"இன்னொரு கிலோ. விருந்தாளி ஜாஸ்தி" என்றார், மூச்சு வாங்க.

"ரெண்டு" என்றார் கடைக்காரர். இம்முறை இரண்டு விரலையும் காட்டினார்.

இந்தத் தடவை லேப் சார் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். ஒரே ஒரு சிட்டிகை. ருசி பார்த்தார், புளிப்பே இல்லை. இன்னொரு சிட்டிகை. இல்லை. மூன்று, நான்கு, ஐந்து... காலையிலிருந்து ஆசிடையும் சோடாவையும் மாறி மாறிச் சுவைத்த நாக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது. அது அவருக்குத் தெரிந்தபோது பாக்கெட் காலி.

நாக்கு பொய் சொல்லும், லிட்மஸ் தாள் சொல்லாது! லேபிலிருந்து கொண்டுவந்திருந்த நீலத் தாளைத் தோய்த்தார். சிவப்பு. சந்தேகத்தில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குள் இன்னொரு தாளை விட்டுப் பார்த்தார். அதுவும் சிவப்பு. விரலைப் பார்த்தார். விரலும் சிவப்பு.

இனிப்பு புளிப்பை அமுக்கும் என்று கடைசி ஆயுதமாகச் சர்க்கரையை அள்ளிப் போட்டார். எண்ணெயில் இறங்கியதும் சர்க்கரை முதலில் கருகியது. பிறகு கோழி. பிறகு அவர் முகம். அடுப்புக்கரியோ கோழியோ என்று பிரிக்க முடியாத ஒன்றைக் கரண்டியில் தூக்கிப் பார்த்தபோது, அவர் வயிற்றில் புளியில்லை, சிட்ரிக் ஆசிடே கரைந்தது.

மணி பன்னிரண்டு. மூலையில் மனைவியின் வீட்டுச் செருப்பு, அவள் விட்டுப்போன இடத்திலேயே கிடந்தது. இந்த இரண்டு வாரமாக அதைத் தாண்டித் தாண்டித்தான் நடக்கிறார், நகர்த்த மனம் வரவில்லை. கெமிஸ்ட்ரியாம், கெமிஸ்ட்ரி! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

அவர் ஓடிப்போனபோது கறிக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கடைக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு! வாங்க சார். இன்னும் காணோமேன்னு பார்த்தேன்."

லேப் சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். "அண்ணே, என் குடும்பமே இப்ப உங்க கையிலதான் இருக்கு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு மூடிய டப்பாவோடு வந்தார். திறந்தால், செக்கச்செவேலென்று மசாலாவில் ஊறிய கோழி.

"ராத்திரியிலேர்ந்து ஊறுது. ஒண்ணும் சேர்க்காதீங்க, நேரா எண்ணெயில போடுங்க."

"இதெல்லாம்கூட விக்கிறீங்களா?"

"வாடிக்கைக்காரங்களுக்கு மட்டும். என் வீட்டுக்காரி மசாலா."

"இதுல புளிப்புக்கு என்ன போடுவாங்க?"

"சிட்ரிக் ஆசிட்தான் சார். கிலோவுக்கு ரெண்டு கிராம்."

ரெண்டு! இருபது இல்லை. லேப் சார் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

ஒரு மணிக்கு மனைவி வந்தாள். பெட்டியை வாசற்படிக்கு வெளியிலேயே வைத்தாள். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்த குடையைப் பார்த்தாள். கூரையிலிருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

லேப் சாருக்கு அவள் மெல்லுகிற ஒவ்வொரு மெல்லலும் ஒரு யுகமாக இருந்தது.

"சிட்ரிக் ஆசிட் எவ்வளவு போட்டீங்க?"

"கிலோவுக்கு... ரெண்டு கிராம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கடி கடித்தாள். "நானும் அதேதான் போடுவேன்" என்றாள். "அப்படியே என் ருசி. உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி."

"அப்ப... பெட்டி?"

"அது தானா நடந்து வருமா? தூக்கிட்டு வாங்க."

அவர் பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தார். அவள் தன் பழைய செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு கை கழுவப் போனாள். போகிற போக்கில், "இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். இதற்குப் பிறகும் பொய்யை எப்படி நெஞ்சில் வைத்திருப்பது? சாயங்காலம் சொல்லிவிடலாமா, இல்லை, ஒரு வருஷம் கழித்துச் சொல்லலாமா என்று அவர் தவித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கறிக்கடைக்காரர். கையில் லேப் சாரின் கண்ணாடி.

லேப் சார் பாய்ந்து வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்தினார். "சத்தமா பேசாதீங்க அண்ணே! உங்க கோழிதான் என்னைக் காப்பாத்துச்சு. ஆனா அது உங்க கடையில வாங்கினதுன்னு அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது!"

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த வாய் கடைக்காரருக்குத் திறந்துகொண்டது.

"அட போங்க சார்! 'ரெண்டு தடவை அவரே கெடுக்கட்டும், மூணாவது தடவை வந்தா நான் வாரா வாரம் வாங்குற மசாலாக் கறியையே கொடுத்துடுங்க'ன்னு காலையிலேயே போன் பண்ணிச் சொன்னதே உங்க வீட்டுக்காரம்மாதானே!"