ஜும்மா நேரத்தில் பாரிஸ்

யாராவது எனக்கு வழி சொன்னால், அதில் அவருக்கு என்ன லாபம் என்றுதான் முதலில் யோசிப்பேன். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவனுக்கு இது தொழில் புத்தி. (என் மனைவி ஜெமீலா இது ஒரு வருத்தம், மருந்தெடுக்கவேண்டிய நோய் என்கிறாள்.) கொழும்புக்குப் போகும்போது, “கண்டி டவுனுக்குள்ள போகாதீங்க, நெரிசல்” என்று யாராவது சொன்னால், கண்டி டவுனுக்குள்ளேதான் போவேன். அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும்போதும், சொன்னவன் ஏன் அப்படிச் சொன்னான் என்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட என்னை நம்பி ஒரு நிக்காஹ் காத்திருந்தது. பிரான்சில் ஒர்லியான் என்ற ஊருக்குப் படிக்கப் போன என் ஒரே தங்கச்சி ஷிபானாவுக்கு, அங்கேயே வேலை செய்யும் சம்மாந்துறை மாப்பிள்ளை ஒருவர் பொருந்தி வந்தார். வாப்பா மௌத்தாகிவிட்டதால் நான்தான் வலி, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளி. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, “என் தங்கச்சியை நிக்காஹ் செய்து தந்தேன்” என்று சொல்லவேண்டிய ஆள். அந்த ஒரு வசனத்தை என் வாயால் சொல்வதற்காகவே இரண்டு நாட்டு விசாவும் எடுத்து, ஜெமீலாவோடு லண்டனில் போய் இறங்கினேன். அங்கிருந்து ஜெமீலாவின் தம்பி நவாஸ் தன் காரில் எங்களைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. நிக்காஹ் வெள்ளிக்கிழமை, பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பிறகு.

காரோடு கப்பலேறிக் கடலைக் கடந்து, பிரான்சின் கலே துறைமுகத்தில் இறங்கினோம். (எங்கள் பக்கத்துச் சின்ன ஒலுவில் துறைமுகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு தனி ஊராகத் தெரிந்தது.) கோப்பிக் கடை ஒன்றில் காரை நிறுத்திய நவாஸ், போனில் வரைபடத்தை விரித்தான்.

“மச்சான், பாரிஸுக்குள்ள போகாம சுத்திப் போவம். ரூவான், சார்த்ர், அதுக்குப் பிறகு ஒர்லியான். சும்மா வழுக்கிட்டுப் போகலாம்.”

எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது.

“ரூவான்ல யாரு இரிக்கா?”

“கூட்டாளி ஒருத்தன் இரிக்கான். ஏன் மச்சான்?”

ஆள் அகப்பட்டுவிட்டான்! டிக்கியில் ஒரு பெரிய பெட்டி கிடந்ததை லண்டனிலேயே நோட்டம் விட்டிருந்தேன். கூட்டாளிக்குச் சாமான் கொடுப்பதற்காக என் தங்கச்சியின் நிக்காஹ் பயணத்தையே வளைக்கப் பார்க்கிறான்.

“இந்தா, நேரா ஒரு ரோட்டு கிடக்கு. இத உட்டுட்டு என்னத்துக்கு ஊர் சுத்துற?”

“பாரிஸ் ட்ரபிக் உங்களுக்குத் தெரியா மச்சான். அதுவும் இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

வெள்ளிக்கிழமை! தன் வாயாலேயே உளறிவிட்டான். கல்முனையில் வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாத் தொழுகை நேரத்தில் மெயின் ரோட்டில் பாய் விரித்துப் படுக்கலாம். கடையெல்லாம் பூட்டு. ஓட்டோ ஒன்றும் ஓடாது. நடுரோட்டில் மாடு நிம்மதியாக அசைபோடும்.

“ஜும்மா நேரம் பாரிஸுக்குப் போய்ச் சேருவம்தானே? ரோட்டு வெறுமையாக் கிடக்கும். நேரா உடு.”

நவாஸ் தன் ராத்தா ஜெமீலாவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்க, இது என்ன கல்முனையா?”

“பாரிஸில நம்மட ஆக்கள் கனபேர் இரிக்காங்கண்டு உன்ட தம்பிதானே சொன்னான்? அவங்க ஜும்மாக்குப் போகமாட்டாங்களா?”

கார் நவாஸுடையது, பெற்றோல் நவாஸுடையது, லைசனும் அவனிடம்தான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் ராத்தாவின் மாப்பிள்ளைக்கு முன் சீட்டும் கொடுக்கவேண்டும், கடைசிப் பேச்சும் கொடுக்கவேண்டும். பெருமூச்சு விட்டு, அவன் காரை எடுத்தான்.

பாரிஸைச் சுற்றி ஓடும் பெரிய ரோட்டுக்கு நாங்கள் வந்தபோது சரியாக ஜும்மா நேரம். அந்த நகரத்தின் சனம் முழுவதும் அந்த ரோட்டில்தான் நின்றது. வார விடுமுறைக்கு எல்லாரும் வெளிக்கிட்டுப் போகிற நாள் இதுதான் என்றான் நவாஸ். இதை ஏன் முதலே விளக்கமாகச் சொல்லவில்லை என்று எனக்கு அவன்மேல் இன்னொரு சந்தேகம் வந்தது.

போனில் வழி சொன்ன பெண்குரல் வலப்பக்கம் போகச் சொன்னது. “அவள்ற கதையக் கேளாத. அவள் இன்னும் ரூவானுக்குத்தான் இழுக்கிறாள்” என்று இடப்பக்கம் திருப்பவைத்தேன். பாவி நான்! ஊர்ந்து ஊர்ந்து போய், நேரமெல்லாம் தின்றபிறகு, முதலில் பார்த்த அதே டயர் விளம்பரப் பலகைக்கு முன்னால் வந்து நின்றோம். பசி தாங்காமல் ஜெமீலா பின்சீட்டைச் சாய்த்து, டிக்கியில் கிடந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே சோறு, கோழிப் பொரியல், சம்பல்.

“பிரான்ஸ் சாப்பாடு மச்சானுக்கு ஒத்துவராதெண்டு என்ட வைஃப் கட்டித் தந்த” என்றான் நவாஸ், ரோட்டைப் பார்த்தபடி. கையில் எடுத்த கோழித் துண்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

அஸர் தாண்டியதும் ஷிபானா எனக்குப் போன் எடுத்தாள்.

“காக்கா, எங்க நிக்கிறீங்க?”

“இந்தா... பாரிஸ்ல.”

“பாரிஸா? சுத்தி வாறண்டுதானே நவாஸ் மச்சான் சொன்னாரு?” பிறகு மெதுவாகச் சொன்னாள். “இமாமுக்கு அடுத்த ஊர்ல ஒரு நிக்காஹ் இரிக்காம், காக்கா. இனி நிக்க ஏலாதாம். நீங்க போன்லயே அவர வக்கீலாக்கினாக் காணுமாம். உங்களுக்குப் பதிலா அவர் சொல்லுவாராம்.”

முகம் தெரியாத ஆளிடம் நான் கடைப் பூட்டின் திறப்பைக்கூடக் கொடுத்ததில்லை. இமாம் மொறோக்கோக்காரராம், நல்ல மனிசராம். அவர் கேட்டதை மாப்பிள்ளைதான் எனக்குத் தமிழில் சொன்னார். (தன் நிக்காஹ்வுக்குத் தானே மொழிபெயர்ப்பாளர்! கேட்டதைத்தான் சொல்கிறாரா என்று அந்த நேரத்திலும் எனக்குள் குடைந்தது.) “என் தங்கச்சி ஷிபானாவ நிக்காஹ் செஞ்சு குடுக்க உங்கள வக்கீலாக்கினன்” என்றேன். கடைசிச் சொல் வருவதற்குள் குரல் உடைந்துவிட்டது. வாப்பாவின் இடத்தில் நிற்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? என் வாயால் சொல்லவேண்டியதை வேறொருவர் சொல்ல, லாரிக்கும் வேனுக்கும் நடுவே இருந்து போனில் கேட்டேன். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றதும் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்து அழுதேன்.

பக்கத்துக் காரில் இருந்த ஒரு அம்மா என்னவோ கேட்டார். நவாஸ் தனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் பதில் சொன்னான். அந்த அம்மா ஹோனை ஓங்கி அமத்தினார். பின்னால் நின்றவனும் அமத்தினான். லாரிக்காரனும் சேர்ந்துகொண்டான்.

“என்னடா, எனக்கு ஏசுறாங்களா?”

“இல்ல மச்சான்! நிக்காஹ் முடிஞ்செண்டு சொன்னன். இங்க கல்யாணத்துக்கு இப்பிடித்தான் சந்தோசப்படுவாங்க.”

நான் நம்பவில்லை. ஆனால் அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். ஜெமீலா பின்சீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஏச்சு வாங்க எனக்குத் தகுதி நிறையவே இருந்தது; கிடைத்ததென்னவோ வாழ்த்து.

அந்த நிக்காஹ் போட்டோவை ஷிபானா பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பினாள். கல்முனையில் எங்கள் வீட்டு முன்ஹோலில் தொங்குகிறது. இமாம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில், எனக்கென்று போட்ட கதிரையில், ஒரு தண்ணிப் போத்தலில் போன் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, “பொண்ணுக்கு வலி ஆரு? ஆளக் காணல்லியே” என்று கேட்பார்கள். நான் எழும்பி உள்ளே போவதற்குள் ஜெமீலா விரலை நீட்டிவிடுவாள்.

“அந்தா, கதிரையில போத்தலோட சாஞ்சிட்டு இரிக்காரே, அவருதான்.”