ஐந்தாம் வகுப்பின் தான்சானியா

ஈட்டி கேட்ட இடத்தில் வேல் வந்து இறங்கியிருந்தது.

இளமதி டீச்சர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பளபளக்கும் தகரம். அரச இலை வடிவம். நடுவில் திருநீற்றுப் பட்டை, அதன் மேல் குங்குமப் பொட்டு, எல்லாம் பெயின்ட்டில்.

"அண்ணே, நான் படமே குடுத்தேனே. மெலிசா, நீளமா, ஓலை மாதிரி முனை..."

"குடுத்தீங்க மேடம்," என்றார் வெல்டிங் கடை வெங்கடேசன். "கம்பெனி கேட் வேலை தலைக்கு மேல கீது. ஆடிக் கிருத்திகைக்கு வெட்டுன அச்சு கையில இருந்துச்சி, அதுலயே அடிச்சிட்டேன். ஈட்டின்னா இன்னா? குத்துறது. இதுவும் குத்துறதுதான்."

"சரி, இந்தப் பட்டையும் பொட்டும்?"

"அது ஃப்ரீ."

கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் பள்ளியில் உலகப் பண்பாட்டு விழா நடக்கவிருந்தது. வகுப்புக்கு ஒரு நாடு. மூத்த ஆசிரியைகள் ஜப்பானையும் பிரான்ஸையும் முதல் நாளே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருடம்தான் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த இளமதிக்கு மிஞ்சியது தான்சானியா.

அவளுக்கு அதில் வருத்தமில்லை. பொன்னேரியிலிருந்து தினமும் யூனிட் ரயிலில் மொழிபெயர்ப்பு நாவலும் கையுமாக வருகிறவள் அவள். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வீசினால் இந்தியப் பெருங்கடலின் எதிர்க்கரை வாசனை வருவதாக நினைப்பவள். அந்த வாசனை அனல் மின் நிலையத்தின் சாம்பலுடையது என்று அப்பா பலமுறை சொல்லியும் கேட்கவில்லை.

வகுப்பில் கிளிமஞ்சாரோவின் பனியைப் பற்றிச் சொன்னாள். கருங்காலி மரத்தில் முகமூடி செதுக்கும் மக்கொண்டே மக்களைப் பற்றிச் சொன்னாள். சிவப்புக் கட்டம் போட்ட போர்வை உடுத்தி, நின்ற இடத்திலேயே வானத்தைப் பார்த்துக் குதித்து ஆடும் மாசாய் மக்களின் படத்தைக் காட்டினாள். "அங்க எல்லாருமே மாசாய் இல்ல. உங்க அப்பா மாதிரி ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிக்கிறவங்களும் நிறைய பேர்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"மிஸ், அங்க தெருவுல சிங்கம் வருமா?" என்றாள் பூமிகா.

"நம்ம தெருவுல யானை வருதா?"

"வந்துச்சே மிஸ். திருவிழாவுக்கு."

இளமதி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

சிக்கல் தாளாளர் ஆதிகேசவன் ரூபத்தில் வந்தது. சிப்காட் கம்பெனி ஒன்றுக்குப் பயிற்சிக்காக வந்திருந்த தான்சானியா இன்ஜினியர் ஒருவரை அவர் எங்கோ பார்த்து, கையைப் பிடித்துக் குலுக்கி, சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார். பெயர் கோட்ஃப்ரே மஸாவே. அழைத்த கையோடு இளமதியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒண்ணும் பேஜாரு இல்லம்மா. பசங்களுக்கு ஒடம்பெல்லாம் கரி பூசு. இடுப்புல மாவிலை கட்டு. ஜிங்கு ஜிங்குன்னு ஆட வுடு. அவரு ஆடிப் போயிடுவாரு."

"சார், அவரு படிச்ச இன்ஜினியர். அவர் எதிர்லயே அப்படிப் பண்ணா அசிங்கம் சார். நம்ம அவங்க ஊருக்குப் போனா, தமிழ்நாடுன்னு சொல்லி யாரோ எதையோ காட்டினா நமக்கு எப்படி இருக்கும்?"

ஆதிகேசவன் யோசித்தார். அப்படி ஒரு நிலைமையை அவர் இதுவரை கற்பனை செய்து பார்த்ததில்லை.

"சரி, உன் இஷ்டத்துக்கே பண்ணு. ஆனா அந்த மனுசன் பாத்துட்டு மனசு நெறஞ்சி நாலு வார்த்தை சொல்லணும். சொன்னா உனக்கு வேலை பர்மனென்ட். சொல்லலன்னா, அடுத்த வருஷம் நீ வேற ஸ்கூல் பாத்துக்கோ."

இளமதிக்கு வேலையும் வேண்டும், மானமும் வேண்டும். இப்போது வேல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது இரண்டுமே ஆட்டம் காண்பதாகத் தோன்றியது.

உடை சரியாக அமைந்துவிட்டால் வேல்களை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தேற்றிக்கொண்டாள். சிவப்புக் கட்டம் போட்ட துணிக்குப் பூமிகாவின் அம்மா கல்பனா பொறுப்பேற்றாள். ஆரம்பாக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவள். மறுநாள் மூட்டையோடு வந்து பிரித்தாள். ஒரே சிவப்பு. ஆதிபராசக்திக்கு மாலை போடுகிறவர்கள் உடுத்தும் அதே செக்கச் சிவப்பு.

"கட்டம் எங்க கா?"

"கட்டம் போட்டா கைலி மாதிரி கீது மிஸ். பொம்பளப் புள்ளைங்க எப்படிக் கட்டும்? இது பாரு, பாக்கவே கையெடுத்துக் கும்புடணும் போல கீது."

"கும்புட வேணாம் கா. பாத்தா போதும்."

"மணி கேட்டியே, அதுவும் அதே கடையில வாங்கினு வந்துட்டேன். செட்டா குடுத்தான்."

மணிமாலைகள் அழகாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் அம்மன் டாலர் ஒன்று தொங்கியது. டாலரை முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, அளவு பார்க்கப் பிள்ளைகளை உடையோடும் வேலோடும் வீட்டுக்கு அனுப்பினாள்.

காலையில் பள்ளி வாசலில் ஏஞ்சலினின் அப்பா ஜெயராஜ் நின்றிருந்தார். நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போனவர், கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல், சிவப்பு உடையும் வேலுமாக இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னா மிஸ் இது? எங்களக் கேக்காமலே எம் பொண்ணுக்கு மாலை போட்டு வுட்டுகிறீங்க? நைட்டு முழுக்கப் பக்கத்து ஊட்டம்மா வந்து அவ கால்ல வுழுந்துட்டுப் போவுது. எம் பொண்ணு இன்னாடான்னா எல்லாருக்கும் ஆசீர்வாதம் பண்ணிக்கினு கீறா!"

"ஐயோ, இது சாமி டிரஸ் இல்லண்ணா. ஆப்பிரிக்கா டிரஸ்."

"ஆப்பிரிக்காவுல மேல்மருவத்தூர் கீதா?"

இளமதி அவரை உட்கார வைத்து மாசாய் மக்களின் படத்தைக் காட்டினாள். ஜெயராஜ் படத்தையும் தன் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல கட்டம் போட்டுகிது."

"ஆமாண்ணா."

"கையில வேல் இல்ல."

"ஆமாண்ணா."

"அப்ப எதுதான் மிஸ் ஒத்துப் போவுது?"

இளமதி படத்தை மறுபடி பார்த்தாள். "குதிக்கிறது," என்றாள்.

பார்த்ததும் இது ஆப்பிரிக்கா என்று தெரிய ஏதாவது வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மேடையின் பின்புறம் முழுக்க முகமூடிகளை மாட்டிவிடலாம். பிள்ளைகள் காகிதக் கூழில், படத்தைப் பார்த்துப் பார்த்து, மக்கொண்டே முகமூடிகளைச் செய்தார்கள். நீண்ட முகம், கனத்த இமை, கன்னத்தில் கோலம் போன்ற கீறல்கள். உண்மையிலேயே நன்றாக வந்திருந்தன. மொட்டை மாடியில் காயவைத்தார்கள். விழாவுக்கு முந்தின நாள் மாலை மழை பெய்தது.

கூழ் மறுபடி கூழாகியிருந்ததைப் பார்த்து வகுப்பே அழுதது. கல்பனா மட்டும் அழவில்லை.

"இதுக்கா மிஸ் அழுவுறீங்க? ரெடிமேடாவே கெடைக்குதே!"

ஒரு மணி நேரத்தில் ஆட்டோ நிறைய வாங்கி வந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் விற்கும் திருஷ்டி பொம்மைகள். புதிதாகக் கட்டும் வீடுகளின் மாடியில் தொங்குமே, அவை. பிதுங்கிய முழி, தொங்கும் நாக்கு, கோரைப் பல்.

"கா, இது பூதம் கா."

"பெயின்ட் அடிச்சா எது பூதம், எது முகமூடின்னு யாருக்குத் தெரியப் போவுது?"

வேறு வழியில்லை. இளமதியும் பிள்ளைகளும் பிரவுன் பெயின்ட்டைக் குழைத்து அடித்தார்கள். நாக்கு மறைந்தது. பல்லும் ஓரளவு மறைந்தது. மீசை மட்டும் எத்தனை பூச்சுக்கும் அசையாமல் முறுக்கிக்கொண்டு நின்றது.

விழா நாளன்று மஸாவே கோட்டு சூட்டில் வந்து இறங்கினார். அமைதியான மனிதர். வாசலில் பன்னீர் தெளித்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பொன்னாடை போர்த்தியபோது குனிந்து வாங்கிக்கொண்டார். அவரை வரவேற்க ஆதிகேசவன் பம்பை, உடுக்கை செட்டு ஒன்றையும் ஏற்பாடு செய்திருந்தார். கம்பெனி கார் டிரைவர் சாம்சன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆதிகேசவனின் ஆங்கிலத்தை அவருக்குப் புரியும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் வகுப்பு மேடையேறியது. பூமிகா மைக் முன்னால் வந்து, மனப்பாடம் செய்திருந்த ஸ்வாஹிலி வணக்கத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

கரண்ட் போய்விட்டது.

மைக் இல்லை. பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்த மாசாய்ப் பாட்டும் இல்லை. பூமிகாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. இளமதி மேடை ஓரத்தில் நின்று, "சும்மா குதிங்க! நான் கை தட்டுறேன்!" என்று சைகை காட்டினாள்.

"கை தட்டுறதாவது! விருந்தாளி உக்காந்துகினு கீறாரு!" என்று பதறிய ஆதிகேசவன், பம்பைக்காரர்களைப் பார்த்துக் கையை வீசினார். "டேய், அடிங்கடா!"

அவர்களுக்குத் தெரிந்ததை அடித்தார்கள். அது அம்மனை அழைக்கும் அடி.

சிவப்பு உடுத்து, மாலை போட்டு, கையில் வேலோடு, மீசை முறுக்கிய பூதங்களுக்கு எதிரே பிள்ளைகள் குதித்தார்கள். அடி ஏறியது. பிள்ளைகளும் ஏறினார்கள். முதுகுப் பக்கம் திருப்பியிருந்த டாலர்கள் ஒவ்வொரு குதிப்புக்கும் ஒவ்வொன்றாக முன்னால் வந்து விழுந்தன. பார்வையாளர் பக்கமிருந்து திடீரென்று ஒரு குலவை. ஆயா மணியம்மாள் தலையை விரித்துக்கொண்டு எழுந்தாள்.

"டேய்ய்ய்! இன்னாடா, என்னிய இவ்ளோ நாளா மறந்துட்டீங்க!"

"சாமி வந்துடுச்சி!" என்று கூட்டம் எழுந்தது. யாரோ வேப்பிலையை ஒடித்துக்கொண்டு ஓடினார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். இளமதி மேடைத் திரையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்கறத நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள். பம்பைக்காரர்கள் உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆதிகேசவன் நேராக மணியம்மாளின் காலில் விழுந்தார்.

"தாயே! ஸ்கூலுக்கு பிளஸ் டூ அப்ரூவல் எப்ப கெடைக்கும் தாயே?"

"ஆடிக்குள்ள கெடைக்கும்டா மவனே! அதுக்கு முன்னாடி ஆயாங்களுக்குச் சம்பளத்த ஏத்து!"

"ஏத்திடறேன் தாயே!"

மணியம்மாள் மஸாவேயிடம் போய் நின்றாள். கூட்டம் மூச்சடக்கியது. ஒரு பிடி திருநீற்றை எடுத்து அவர் நெற்றி நிறையப் பூசினாள். அவர் கண்ணை மூடிக் குனிந்து ஏற்றுக்கொண்டார். பிறகு எழுந்து நின்று கை தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். கையில் ஃபோன் இருந்திருந்தால் அது முடிந்திருக்காது. அவருடைய ஃபோனைப் பிடித்து வீடியோ எடுக்கும் வேலையைச் சாம்சன் செய்துகொண்டிருந்தான்.

ஜெனரேட்டர் உயிர் பெற்றது. பம்பை ஓய்ந்தது. மஸாவே தானாகவே மேடையேறி மைக்கைக் கேட்டு வாங்கினார். திரைக்குப் பின்னால் இளமதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் ஆங்கிலத்தில் மெல்லப் பேசினார். இவ்வளவு உயிருள்ள ஒரு பண்பாட்டை இவ்வளவு பக்கத்தில் பார்ப்போம் என்று நினைக்கவே இல்லை என்றார். இந்தப் பிள்ளைகளையும் அவர்கள் ஆசிரியரையும் வணங்குகிறேன் என்றார். வீடியோவை இப்போதே தன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

அரங்கம் அதிர்ந்தது. ஆதிகேசவன் திரைக்குப் பின்னால் ஓடி வந்தார். அவர் நெற்றியிலும் திருநீறு, கண்ணிலும் நீர்.

"பாத்தியாம்மா! சொந்த ஊரையே கண்ணு எதிர்ல கொண்ணாந்து நிறுத்திட்ட! மனுசன் அம்மாவ நெனச்சி அழுவுறாரு! நீ பர்மனென்ட். இன்னைக்கே ஆர்டர் அடிக்கச் சொல்றேன்."

இளமதிக்கு நம்ப முடியவில்லை. ஆனால் நம்பத் தொடங்கினாள். எங்கோ ஆழத்தில், வேலும் ஈட்டியும், பம்பையும் முரசும் ஒன்றுதான் போலும். மனிதர்களும் ஒன்றுதான். கடலின் எதிர்க்கரை தன் நாவல்கள் சொன்னது போலவே உண்மையில் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஏஞ்சலினையும் பூமிகாவையும் அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியது.

திரையை விலக்கிக்கொண்டு டிரைவர் சாம்சன் எட்டிப் பார்த்தான்.

"மேடம், தமிழ்நாட்டு ஐட்டம் சும்மா பட்டையக் கெளப்பிடுச்சின்றாரு சார்... அடுத்து அவுங்க ஊரு ஐட்டம் எப்ப வரும்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு."