முனிரத்தினத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிய கதை

திருப்பதியில் வேலை கிடைத்தவனுக்கு உலகமே சொந்தம். எனக்கு வேலை கிடைத்த மாதமே, அதுவரை என் பெயர்கூடத் தெரியாத ஒன்றுவிட்ட பெரியப்பாக்கள் எல்லாம் போன் செய்தார்கள். "எப்படிப்பா இருக்கே?" என்று ஆரம்பிப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "தரிசன டிக்கெட் ரெண்டு கிடைக்குமா?" என்று முடிப்பார்கள். (கிடைக்காது. எனக்கே கிடைக்காது. நானும் ஊரோடு வரிசையில்தான் நிற்கிறேன்.) கிடைக்காது என்றதும் போன் கட்டாகிவிடும்.

நான் அரியலூர் பக்கம். அப்பா, அம்மா இல்லை. ஒரே ஒரு அக்கா, அவள் குழந்தைகளோடு சென்னையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெலுங்கு அப்போது சுத்தமாக வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆள் இல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். யாராவது தமிழில் வழி கேட்பார்கள். அலிபிரிக்கு எந்த பஸ் என்று கேட்டால் போதும். பஸ்ஸைக் காட்டி, ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று, செருப்பை எங்கே விடலாம் என்பது வரைக்கும் விளக்குவேன். கேட்டவர் சந்தேகமாகப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்த வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசியது அவ்வளவுதான் இருக்கும்.

வேலை, மாந்தோப்புக்காரர்களுக்கான ஒரு சந்தா இணையதளத்தில். வருடச் சந்தா கட்டினால் பங்காருபாளையம் மண்டி விலை, மழை நிலவரம், எப்போது மருந்து அடிக்கலாம் என்பதெல்லாம் தினமும் போனுக்கு வரும். மாமரம் பூக்கிற தை மாதத்தில் பெரும்பாலோரின் சந்தா முடியும். ஆனால் காய் விற்றுக் காசைப் பார்த்த பிறகுதான் தோப்புக்காரர் சட்டைப் பையில் கைவிடுவார். நடுவில் நாலைந்து மாதம் எங்கள் மேனேஜர் பத்மஜா மேடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார்.

இதில் இன்னொரு தலைவலியும் உண்டு. வருடச் சந்தா மொத்தமாகக் கைக்கு வந்தாலும், அதை வருமானம் என்று உடனே எழுதிக்கொள்ள முடியாது. ஒரு மாதம் சேவை கொடுத்து முடித்தால்தான் அந்த மாதத்துப் பங்கு நம்முடையது. மீதி நாம் இன்னும் உழைத்துச் சம்பாதிக்காத பணம். இதை முதலாளிகளுக்குப் புரிய வைக்க மேடம் எத்தனையோ அட்டவணை போட்டுப் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, யார் தாமதம், எவ்வளவு பணம் இன்னும் சம்பாதிக்கப்படாமல் இருக்கிறது, எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி ஒரு படம் போடச் சொன்னார்.

மண்டைக்குள் பல்பு எரிந்தது. (அது பிடுங்கி எறிந்திருக்க வேண்டிய பல்பு.) ஒவ்வொரு உறுப்பினரின் புகைப்படத்தையும் திரையில் சுவர் மாதிரி அடுக்கினேன். சந்தா கட்டினால் படம் முழுக் கலரில் இருக்கும். மாதம் ஓட ஓட கலர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். எவ்வளவு கலர் பாக்கியோ அவ்வளவு பணம் நாம் இன்னும் சம்பாதிக்காதது. சந்தா முடிந்து புதுப்பிக்காவிட்டால் படம் சுத்தக் கறுப்பு வெள்ளை. கீழே இரண்டு தேதிகள்: சேர்ந்த நாள், முடிந்த நாள். மேடம் பார்த்துவிட்டு, மொட்டையாக இருக்கிறது, களையாக ஏதாவது செய் என்றார். படத்தைச் சுற்றி ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு பூக்கரை போட்டேன். அடியில் எங்கள் கம்பெனி சின்னம், மாங்காயும் மேலே ஓர் இலையும். சின்னதாக்கியபோது அது அகல் விளக்கு போல இருந்தது. அதையும் அழகு என்றே நினைத்தேன்.

முதலாளிகள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாமதக்காரர்களுக்கு அவரவர் படத்தையே வாட்ஸப்பில் அனுப்பினால் உறைக்குமே என்று நானாக வாயைக் கொடுத்தேன். படத்துக்குக் கீழே ஒரு வாசகமும் நானே எழுதினேன்: 'உங்கள் பிரிவால் வாடுகிறோம்.' அது எனக்குள் கொஞ்ச நாளாகவே ஊறிக்கொண்டிருந்த வாசகம், யாரைப் பார்த்துச் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. சேரும்போது உறுப்பினர்கள் அவசரத்துக்கு என்று இரண்டாவதாக ஒரு சொந்தக்காரர் நம்பரும் கொடுத்திருப்பார்கள். கெடுவானேன் என்று அதற்கும் சேர்த்து அனுப்பினேன்.

காலை டிபன் செரிப்பதற்குள் ஆபீஸ் போன்கள் அலற ஆரம்பித்தன. சித்தூரிலிருந்து ஒருவர் போனிலேயே விசும்பினார். இன்னொருவர், எடுக்கிறது எத்தனை மணிக்கு என்று கேட்டார். மேடம் தன் போனில் அந்தப் படத்தைத் திறந்து, கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்ட் சுவரில் தினமும் நான் பார்க்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் அது. கம்பெனி செலவில், ஆளுக்கொன்று, உயிரோடு இருக்கிறவர்களுக்கு.

அதிலும் பெரிய விவகாரம் நாராயணவனத்து முனிரத்தினம். அவர் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். படம் சித்தூரில் இருக்கும் அவர் மைத்துனருக்குப் போயிருக்கிறது. அவர் தேதிகளைப் பார்த்தாரே தவிர வேறெதையும் படிக்கவில்லை. 'ஓம் சாந்தி' என்று சேர்த்து எல்லாக் குரூப்பிலும் போட்டுவிட்டு, ஆள் உயர மாலையோடு கார் பிடித்துவிட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா, இல்லையென்றால் வரவே வராதே என்று மேடம் என்னை அனுப்பினார்.

புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. இணையதளத்தைச் சோதித்துப் பார்க்க என் பெயரிலும் ஒரு சந்தா போட்டு வைத்திருந்தேன். அதுவும் முடிந்திருந்தது. ஆக, பூக்கரையும் விளக்கும் இரண்டு தேதிகளுமாக நானும் போய்ச் சேர்ந்திருந்தேன். இரண்டாவது நம்பர் அக்காவுடையது. ஐயோ, பதறிவிடுவாளே என்று போனை எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதறினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அக்கா படத்தைப் பார்த்திருந்தாள். பதிலும் போட்டிருந்தாள். ஒரு கட்டைவிரல்.

புத்தூர் வரைக்கும் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு போனேன். செத்தால்கூட நம்மைத் தேட நாதியில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நாராயணவனத்தில் முனிரத்தினம் வீட்டை நான் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தெரு முழுக்க வண்டிகள். பந்தல் பாதி போட்டு நிறுத்தியிருந்தார்கள். பங்காருபாளையத்திலிருந்து மண்டிக்காரர்கள் வந்திருந்தார்கள். வரப்பு மாமரம் ஒன்றுக்காகப் பல வருடம் பேச்சு வார்த்தை இல்லாத தம்பி ஏர்பேட்டிலிருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் தோப்பிலிருந்து நடந்து வருவதைப் பார்த்துக் கட்டிப் பிடித்து அழுதிருக்கிறார். நான் போனபோது காபி குடித்துவிட்டு மறுபடியும் அந்த மாமரச் சண்டையை ஆரம்பித்திருந்தார். நடுவில் நாற்காலி போட்டு, மைத்துனர் கொண்டுவந்த மாலை மடியில் கிடக்க, முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்த்துப் பயம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

"இன்னா தம்பி, ஆளைக் கொன்னுட்டு பஸ்ஸுல வர்ற?" என்றார்.

நான் காலில் விழப்போனேன். அவர் மனைவி ராஜம்மா தடுத்தார், பாசத்தில் இல்லை. தன் தாலியில் கை வைத்தவன் தன் வீட்டு வாசலில் விழக்கூடாது என்று ஆரம்பித்து, என் படிப்பு, என்னைப் படிக்க வைத்தவர்கள், கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவன் என்று வரிசையாக எல்லோரையும் ஒரு பிடி பிடித்தார். தாங்கமுடியாமல், "என் படமும் போச்சுங்க" என்றேன்.

அவர் நிறுத்தினார். "உன் படமுமா? உனுக்கு யாரு வந்தாங்க?"

நிறையப் பேர் போன் செய்தார்கள் என்று புளுகினேன். என் நேரம், அப்போது நிஜமாகவே போன் அடித்தது. ஒன்றுவிட்ட பெரியப்பா. அவர் போனில் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை, தெருக்கோடி வரைக்கும் கேட்கும். "அக்கா உன் போட்டோ அனுப்பினாப்பா, நல்லா இருக்கு, கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுது. அது கிடக்கட்டும், வர்ற வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் ரெண்டு..."

வரப்பு மாமரம்கூட அமைதியாகிவிட்டது. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். துக்கம் விசாரிக்க வந்து ஏமாந்தவர்களுக்குக் கடைசியில் ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

ராஜம்மா உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். "துன்னு" என்றார். நான் சாப்பிட ஆரம்பித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காரம் என்றேன். தட்டில் இருந்தது தயிர்சாதம்.

கிளம்பும்போது ராஜம்மா, கோபம் தணியாத குரலில், "உன் பேருல இருக்கிற அந்த ரெண்டாவது நம்பரை எடுத்துடு. என் நம்பரைப் போடு" என்றார். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, அங்கேயே நின்று மாற்றினேன்.

வேலை போகவில்லை. போயிருக்க வேண்டியது, காப்பாற்றியது தோப்புக்காரர்களின் மனைவிமார்கள். புருஷன் படம் இன்னொரு நாள் கறுப்பு வெள்ளையில் இருக்கக் கூடாது என்று அவர்கள் நகை வைத்தாவது கட்டச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் பூக்கிற பருவத்திலேயே சந்தா வந்து குவிந்தது அந்த ஒரு வருடம்தான். வாட்ஸப் அனுப்புவதை மேடம் அன்றோடு நிறுத்திவிட்டார். ஆபீஸ் திரையில் மட்டும் படங்கள் இன்றும் வெளுத்துக்கொண்டிருக்கின்றன, பூக்கரை இல்லாமல்.

முனிரத்தினம் மட்டும் அந்த வருடமும் காய் விற்ற பிறகுதான் கட்டினார். அடுத்த வருடமும் தை மாதத்தில் கட்டவில்லை. படம் கறுப்பு வெள்ளையான அன்று அவரே போன் செய்தார். "நான் போயிட்டேன் தம்பி. எப்ப வர்ற?" ஞாயிற்றுக்கிழமை போனேன். சாப்பாடு போட்டார்கள், மாமரப் பஞ்சாயத்தில் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள், சந்தாவைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் இதுதான். இந்த ஆள் மட்டும் ஏன் தவறாமல் தாமதம் என்று மேடம் கேட்பார். என்ன காரணமோ தெரியவில்லை மேடம் என்பேன்.

போன வருடம் தை பிறந்தது. காலையில் திரையில் படச் சுவரைத் திறந்தேன். முனிரத்தினம் முழுக் கலரில் சிரித்துக்கொண்டிருந்தார். சந்தா முடிவதற்கு முன்பே பணம் வந்திருந்தது. அந்த மனிதர் தன் கையால் நேரத்துக்குக் கட்டமாட்டார். வேறு யாரோ அவர் கணக்கைத் தீர்த்திருக்கிறார்கள். ஏன் தீர்க்கிறார்கள்? போன் அடித்தேன், எடுக்கவில்லை. ராஜம்மாவும் எடுக்கவில்லை. மேடத்திடம் சொல்லாமல்கூடப் பஸ் பிடித்துவிட்டேன்.

அவர் வாசலில் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மகன் யாரையும் கேட்காமல், வருடாவருடம் தானாகவே பணம் போகிற மாதிரி செய்துவிட்டானாம். என்னைப் பார்த்ததும் கடலையைக் கீழே வைத்தார்.

"கட்டிட்டான்பா. இனிமே நீ இன்னாத்துக்கு வரப்போறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் கடலை உரித்தேன்.

இப்போது அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நான் முதல் பந்தி. புதிதாக வருகிறவர்களுக்கு ராஜம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டுவார். "பணம் கட்டலன்னு வீட்டுக்கு வர்ற கம்பெனிக்காரனை எல்லாரும் பாத்திருப்பீங்க. பணம் கட்டிட்டாங்கன்னு அழுதுகினே ஓடி வந்தவன் இவன் ஒருத்தன்தான்." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அழுதுகொண்டே வந்தேன் என்பது மட்டும் சுத்தப் பொய். புத்தூரில் பஸ் மாறும்போதே நான் கண்ணைத் துடைத்துவிட்டேன்.