புகையாப் புகைபோக்கிப் படலம்

வாழ்க கிரேம் டல்லக்! தெற்கிலிருந்து வருவது இதமான தென்றல் என்று பாடிவைத்தோர் எவரும் தென்கோளத்து டிமாரு நகரத்தில், குளிர் உச்சமான ஓர் ஆனி மாதம் தங்கியவரல்லர். உறைபனிக் கண்டத்தில் பிறந்து, கடல் கடந்து, கப்பல்துறை கடந்து, மேட்டுத் தெருவின் கதவிடுக்குகளில் வாள்முனையாய் நுழையும் அக்காற்றின் எதிரே, கம்பளிக் குல்லாயே மணிமுடியாக, கைக்கோடரியே செங்கோலாக நின்ற பெருவீரன், துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற விறகடுக்கும் வேந்தன், அவன் வாழ்க! ஈரமற்ற விறகே, இறுக மூடும் இரும்புக் கதவே, எம் சொல்லுக்குத் துணைநிற்பீர்!

அவ்வீரனின் இல்லம் அடுப்புகளின் மூன்று யுகங்களைக் கண்டது. முதல் யுகத்தில் திறந்தவாய் அடுப்பொன்று கையில் கிடைத்ததையெல்லாம் தின்று கரும்புகை கக்கியது. வட்டார மன்றம் அதற்குத் தடைவிதித்தது. இரண்டாம் யுகத்தில், தூய்மையாக எரியும் எனச் சான்றிதழ் பெற்று, முதுகில் முத்திரைத் தகடு தாங்கிய அடுப்பு வந்தமர்ந்தது. பிறகு ஒருநாள் மன்றத்தார் கூடி, அனுமதிக்கப்பட்ட புகையின் அளவைக் குறைத்தார்கள். நேற்றுவரை தூயதாயிருந்த அடுப்பு, இடம்விட்டு அசையாமல், ஒரு குச்சிகூட அதிகமாய் எரிக்காமல், மறுநாள் காலையில் மாசுடையதாயிற்று. அதைப் பெயர்த்துத் தெருவில் வைத்தபோது கிரேம் குல்லாயைக் கழற்றி நின்றான் என்பர். மூன்றாம் யுகத்தில் வந்ததோ, மேல்நோக்கிச் செல்வதே தன் பிறவிக்குணமெனக் கொண்ட நெருப்பையும் தலைகீழாய் இறங்கவைத்துப் புகையை இரண்டாம் முறை எரிக்கும் ஈரறை இரும்புக்கோட்டை.

அத்தகைய கோட்டையும் வந்த புதிதில் இருமுறை புகைந்தது. விறகுக் கொட்டகையின் அடித்தட்டில் கிடந்த நனைந்த பைன் கட்டைகளே காரணம். ஆனால் அதை எடுத்துச் சொன்னால் கேட்கும் பொறுமை எதிரிக்கில்லை. வேலிக்கு அப்பால் வாழ்ந்த நெவில் ஸ்ட்ராங், கொடியில் உலர்த்திய தன் சட்டைகளெல்லாம் கருவாடாய் மணக்கக் கண்டு சினந்து, இருமுறையும் மன்றத்துக்குத் தொலைபேசினான். வந்து பார்த்த அதிகாரி, பற்றவைக்கும்போது கால்மணி நேரம் புகையலாம், அதற்கு மேல் ஆகாது என்று விதியுரைத்துச் சென்றார். அன்றே இல்லத்தரசி காலின், தேநீர்க் கோப்பையை மேசையில் ஓங்கி வைத்து ஆணையிட்டாள்:

“இன்னொரு தடவ அவன் போன் பண்ணட்டும், இந்த இரும்புப் பொட்டியத் தூக்கிட்டு ஹீட் பம்ப் மாட்டிருவேன். பட்டன அமுக்குனா சூடு. உன் விறகெல்லாம் யாருக்காவது குடுத்துரு!”

மூன்று குளிர்காலத்துக்கெனப் பிளந்து அடுக்கிய விறகு! பட்டனை அமுக்குவதற்கா இந்தத் தோள்கள்? கிரேம் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மாலை, கூரையெங்கும் பனி இறங்கிய பொழுதில், வீரன் போருக்கெழுந்தான். தட்டினால் மணியோசை எழுப்பும் தைலமரக் கட்டைகளைத் தேர்ந்தெடுத்தான், சுள்ளிகளைப் படைவகுத்தான், அடுப்பின் முன் மண்டியிட்டான். முதல் தீக்குச்சி களத்திலேயே மாண்டது. இரண்டாவது, செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் பற்றியது. யானைப்படை கோட்டைவாயில் உடைத்துப் புறப்பட்டதுபோல் வெண்புகை புகைபோக்கியில் பொங்கியெழ, வேலிக்கு அப்பால் திரைச்சீலை விலகிற்று. கிரேம் காற்றுவழியைத் திறந்தான், சுவர்க்கடிகாரத்தை நோக்கினான், கட்டையைத் திருப்பினான், மீண்டும் கடிகாரத்தை நோக்கினான்; அனல் செந்நிறங்கொண்ட கணத்தில், உற்ற தெய்வங்களையெல்லாம் நினைந்து நெம்புகோலைத் தள்ளினான். நெருப்பு தலைகவிழ்ந்து கீழறைக்குள் இறங்கியது. கெடு முடியுமுன்னே அடுப்பு அடங்கி முனகியது.

கோட்டும் அணியாமல் முற்றத்துக்கு ஓடினான் வீரன். அண்ணாந்தான். புகைபோக்கிக்கு மேலே வானமன்றி வேறொன்றுமில்லை.

“நெவில்! வெளிய வாய்யா! என் புகைபோக்கியப் பாரு!”

வீட்டுச் செருப்போடு வந்த நெவில், வேலியைப் பற்றியபடி நெடுநேரம் பார்த்தான்.

“என்னத்தப் பாக்கணும்?”

“என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல.”

“அதத்தான்யா பாக்கச் சொன்னேன்!”

“அடுப்ப பத்தவச்சிருக்கியா இல்லியா?”

“பத்தவச்சு எவ்வளவு நேரமாச்சு! நீயும் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தானே இருந்த?”

நெவில் கண்ணாடியைத் துடைத்து மீண்டும் பார்த்தான். அவன் நேர்மையில்லாதவனல்லன். “சரிப்பா, ஒத்துக்கறேன். துளி புகை இல்ல. சட்டைக்கும் ஆபத்தில்ல,” என்று வேலிக்கு மேலாகக் கைநீட்டினான். நீட்டிய கை பற்றப்பட்டது. வெற்றி! கொடியில்லாத, முழக்கமில்லாத, கண்ணுக்கே தெரியாத, ஆயினும் பகைவனே சான்றளித்த வெற்றி! பின்பு இரு வேந்தரும் வீட்டுவரி உயர்வைப் பற்றியும், மன்றத்தாரின் மதியைப் பற்றியும், ரக்பி அணியின் சீரழிவைப் பற்றியும், பற்கள் கிட்டிக்கும்வரை உரையாடினர்.

வீரன் இல்லம் மீண்டபோது காலின் போர்வைக்குள் சுருண்டிருந்தாள்.

“அணைஞ்சிருச்சு.”

“எப்ப?”

“நீ ஓடுனப்பவே மினுக்குமினுக்குன்னுதான் இருந்துச்சு. கட்ட போட நீ திரும்பி வருவன்னு பாத்தேன். வரல.”

நெவில் பார்த்த வேளையில் அடுப்பு எரிந்ததா, அணைந்ததா? அண்ட சராசரத்தில் அறிந்தவர் எவருமிலர். கேட்கும் துணிவு கிரேமுக்குமில்லை. தீப்பெட்டியை எடுத்தான். ஜன்னலுக்கு அப்பால் நெவிலின் திரைச்சீலை இன்னும் திறந்திருந்தது. இப்போது பற்றவைத்தால் மீண்டும் கால்மணி நேரம் யானைப்படை எழும். அது விதிக்குட்பட்ட புகையே ஆயினும், சற்றுமுன் கைகுலுக்கிய கை சூடாறுமுன்னே எழும் புகை. தீப்பெட்டியை மெல்ல வைத்தான்.

“பத்தவைக்கலியா?”

“இன்னிக்கு வேணாம்மா.”

காலின் அவன் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஹீட் பம்ப் என்ற சொல் அவள் உதட்டுவரை வந்து திரும்பிற்று. உறைந்திருந்த அவன் விரல்களைப் பிடித்துத் தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பகை வென்று, விதி வென்று, புகை வென்று, பரணி பாடத்தக்க பெரும்புகழோடு அவன் அவளருகே அமர்ந்தான்.

சூப்பைச் சுடவைத்துக் குடித்துவிட்டு, இருவரும் ஸ்வெட்டரோடு சீக்கிரமே படுத்துக்கொண்டார்கள்.