ஒன்றரைச் சாண் மரத்துக்கு நூற்றெட்டுச் சுற்று

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

திண்டிவனத்திலிருந்து உங்கள் தம்பி மனைவி வேணி வணங்கி எழுதுவது. திந்திரிணீஸ்வரர் தயவில் நானும் உங்கள் தம்பியும் சுகம். விழுப்புரத்தில் நீங்களும் அண்ணனும், மசக்கையாக இருக்கும் உங்கள் மருமகள் அஸ்வினியும் சுகமாக இருக்க விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். எங்கள் மொட்டைமாடியில் இருக்கும் போன்சாய் மரம் மட்டும் சுகமாக இல்லை. அதற்கு நீங்கள்தான் காரணம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்த அஸ்வினி, ஒரே தட்டில் அரசும் வேம்பும் பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "அத்த, இத சுத்துனா புள்ள பொறக்குமா?" என்று சிரித்துக்கொண்டே மூன்று சுற்று வந்தாள். சித்திரையில் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. நீங்கள் அதைக் கல்யாண வீடு, ரேஷன் கடை என்று ஒரு இடம் விடாமல் சொல்லிவிட்டீர்கள். இந்த ஆடியில் செவ்வாய், வெள்ளி ஆனால் விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்குகிற மஞ்சள் புடவையெல்லாம் எங்கள் வீட்டு மாடிப்படியில்தான் ஏறுகிறது. நிழலுக்காகச் சுவரோரம் வைத்திருந்த தட்டை, சுற்ற வழியில்லை என்று வெயிலில் நடுமாடிக்கு இழுத்தார்கள், பால் ஊற்றினார்கள், எறும்பு வந்தது, எறும்புக்கு மஞ்சள்தூள் கொட்டினார்கள், கற்பூரம் ஏற்றினார்கள், மண்மேல் நான் வளர்த்த பாசி கருகியது. மரமே ஒன்றரைச் சாண், அதில் ஒரு முழத் தொட்டிலைக் கட்டி உள்ளே கல்லையும் படுக்க வைத்தாள் ஒரு புண்ணியவதி. கம்பி சுற்றி ஒன்பது வருஷமாக நான் வளைத்த கிளை டப்பென்று போய்விட்டது. தட்டைச் சுற்ற ரெண்டே எட்டுதான், அதில் நூற்றெட்டு வந்தால் யாருக்குத் தலை சுற்றாது? "பாத்தியாடி, இப்பவே தல சுத்துது!" என்று கூட வந்தவள், சுற்றியவள் வாயில் சர்க்கரை போடுகிறாள்.

உங்கள் தம்பியிடம் அழுதேன். "சாமியே நம்ம ஊட்ட தேடி வந்துகீது, நீ இன்னாடான்னா எல எண்ணிக்கினு ஒக்காந்திருக்க" என்றுவிட்டு, வந்தவர்கள் செருப்பை ஜோடி சேர்த்து வைக்கப் போய்விட்டார். எண்ணுவது உண்மைதான். என் நோட்டுப்படி சித்திரையில் இருநூற்றுப் பதினாறு இலை. இன்று நாற்பத்தொன்று.

எனக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை அண்ணி. வேரை அதிகம் வெட்டி இரண்டு, வெட்டப் பயந்து மூன்று, பாசத்தில் தண்ணீர் ஊற்றி ஆறு என்று பதினோரு கன்றைக் கொன்றுதான் கற்றேன். செத்த தேதியெல்லாம் நோட்டில் இருக்கிறது, திதிதான் கொடுக்கவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுக்க ஒரு வருஷம் ஆனது, கீழே வைக்கப் பதினைந்து வருஷம் ஆனது. பன்னிரண்டாவதுதான் இந்த மரம். இன்னொரு வெள்ளிக்கிழமையை இது தாங்காது.

ஆகையால் ஒரு உபகாரம். இந்த மரத்துக்குச் சக்தி கிடையாது என்று விழுப்புரம் முழுக்கச் சொல்லிவிடுங்கள். எழுதும்போதே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நம்பாதவர்களுக்கு என்னையே சாட்சி சொல்லுங்கள். ஜோசியர் அரசமரம் சுற்றச் சொன்னபோது, தெருவில் சுற்றினால் பார்க்கிறவர்கள் பேசுவார்களே என்று கூச்சப்பட்டுத்தானே மாடியில் வளர்க்க ஆரம்பித்தேன்? செத்த பதினொன்றையும் சேர்த்து இருபத்தேழு வருஷம் சுற்றியிருக்கிறேன். எனக்குக் கொடுக்காத மரம் யாருக்குக் கொடுக்கப் போகிறது?

அஸ்வினியை வெயிலில் அலைய விடாதீர்கள். அவளுக்கு என் ஆசீர்வாதம், அண்ணனுக்கு என் நமஸ்காரம். தப்பாக எழுதியிருந்தால் சின்னவள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொல்லை மீறாத,
வேணி

பி.கு.: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். விக்கிரவாண்டியிலிருந்து இசைவாணி என்று ஒரு பெண் தனியாக வந்தாள். "மரத்துக்கு ஒடம்பு சரியில்லம்மா, அடுத்த மாசம் வா" என்றேன். "அடுத்த மாசம், அடுத்த மாசம்னே எனக்கு நாலு வருஷம் பூட்ச்சுங்க" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒளித்து வைத்திருந்த தட்டை நானே தூக்கிப்போய் நடுமாடியில் வைத்தேன். அறுபதாவது சுற்றில் தடுமாறினாள், கையைப் பிடித்துக்கொண்டேன். மீதி நாற்பத்தெட்டையும் இரண்டு பேருமாகச் சுற்றினோம். மேலே எழுதியது எதையும் யாரிடமும் சொல்லவேண்டாம். வரட்டும். பால் மட்டும் ஊற்றவேண்டாம் என்று சொல்லுங்கள்.