பூரணிக்காக ஒரு காடு

"யாலக் காட்டுக்கா? அங்க என்னங்க யாவாரம்?" என்று கேட்டார் ஜமால்தீன்.

லிந்துலையில் துணிக்கடை வைத்திருந்த ஜமால்தீனிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதை வாடகைக்குக் கேட்கத்தான் தேயிலைத் தோட்டத்து டீமேக்கர் செல்லசாமி வந்திருந்தார்.

"யாவாரம் இல்ல. பூரணியக் கூட்டிட்டுப் போகணும். அங்க காடும் கடலும் ஒண்ணா இருக்காம். யானையெல்லாம் கடற்கரையில நடந்து போகுமாம். எங்க தோட்டத்துத் தொரை போயிட்டு வந்து சொன்னாரு."

"கார் நானுஓயா ஏத்தத்துலயே நின்னு நின்னுதான் போகுதுங்க. யானை தொரத்துனா நீங்கதான் எறங்கித் தள்ளணும்."

செல்லசாமி மனமொடிந்து வெளியே வந்தார்.

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் மெஷின் பழுதாகி, கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை அவருக்கு வேலை இல்லை. மகளை டிக்கோயாவில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவரும் மனைவி பூரணியும் மட்டும்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல் சமையலறையில் அவளுக்கு ஒத்தாசை செய்தார். டின்களை உயரவாரியாக அடுக்கி வைத்தார். சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்துச் சொன்னார். அவள் கொடுத்த தேத்தண்ணியை ஸ்டோரில் செய்வதுபோல உறிஞ்சி, நாக்கில் உருட்டி, ஜன்னல் வழியே துப்பிவிட்டுக் குறைகளை எடுத்துச் சொன்னார்.

இத்தனை செய்தும் பூரணியின் முகம் நாளுக்கு நாள் வாடியது. பேச்சு குறைந்தது. வட்டகொடையில் இருக்கும் உன் அம்மா வீட்டுக்கு ஒரு நடை போவோமா என்று கேட்டதற்குக்கூட, "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். பிறந்த வீட்டு ஆசையே விட்டுப்போன பெண்ணைப் பார்த்து அவருக்குப் பயம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கண்ணுவிடம் அவள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசியது காதில் விழுந்தது. "தொரை போன அந்த யாலக் காட்டுப் பக்கம் ஒரு பத்து நாளு போயிட்டு வந்தா எவ்வளவு நிம்மதியா இருக்கும், அம்மாக்கண்ணு." சொல்லிவிட்டு அவள் விட்ட பெருமூச்சில் செல்லசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எதையுமே கேட்காதவள்.

கார் இல்லையென்றால் தோட்டத்து லொறி இருக்கிறது. ஆனால் பெண்டாட்டிக்கு யானை காட்ட லொறி வேண்டும் என்று தொரையிடம் எப்படிக் கேட்பது? கதிர்காமத்துக்கு நேர்த்திக்கடன் என்று சொன்னார். கதிர்காமம் அந்தக் காட்டுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.

தொரை உடனே சம்மதித்தார். "டீமேக்கர் மட்டும் ஏன்? லொறி பெரிசு. சாமி கும்பிடுற ஆளெல்லாம் போகட்டும்" என்று வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் வைத்தே அறிவித்தும் விட்டார்.

பொழுது சாய்வதற்குள் லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாகப் பேர் கொடுத்துவிட்டார்கள். கோயில் தலைவர் பழனியாண்டி மாலையோடு வீட்டுக்கு வந்தார்.

"ஐயா தலைமையில போறோம். முதல் காவடி ஐயாவோடதுதான்."

"எனக்கு முதுகு வலி இருக்கே, பழனியாண்டி."

"முருகன் பாத்துக்குவாருங்க."

செல்லசாமிக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. இத்தனை பேரும் நேரே கோயிலுக்குப் போய்த் திரும்பிவிட்டால் பூரணி காட்டை எங்கே பார்ப்பது? காலையில் பழனியாண்டியைத் தேடிப் போனார். "போறதுதான் போறோம், யாலக் காட்டு வழியாப் போனா நல்லதில்லையா? அந்தக் காலத்துல பக்தருங்க அப்படித்தான் போவாங்களாம்" என்று பட்டும் படாமலும் சொன்னார்.

பழனியாண்டி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க யாருக்கும் தோணல பாருங்க. பாணமை வரைக்கும் லொறி. அங்கேருந்து காட்டு வழியா நடை. வெறுங்காலோட. காவடியோட."

"நடையா? நான் லொறியிலன்னு நெனச்சேன்."

"லொறிக்குக் காட்டுக்குள்ள ஏதுங்க ரோட்டு? பக்தின்னா ஐயா பக்திதான்."

செல்லசாமி வீட்டுக்குத் திரும்பினார். பூரணி பத்து நாள் வெறுங்காலோடு கரடியும் சிறுத்தையும் உலவும் காட்டில் நடப்பதை நினைத்துப் பார்த்தார். கடற்கரையில் அவளை நாற்காலி போட்டு உட்காரவைக்க நினைத்தவர் அவர்.

நடையை எப்படியாவது ரத்து செய்தாக வேண்டும். கோயிலில் கூட்டம் கூடியபோது எழுந்து நின்றார்.

"பொம்பளைங்க எப்படி நடப்பாங்க? தண்ணி கெடைக்காது. காட்டு மிருகம் வேற. அவங்கள நெனச்சாவது நாம லொறியிலயே போயிடுவோம்."

கூட்டம் யோசித்தது. பெண்களுக்காக ஒருவர் இவ்வளவு கவலைப்பட்டதில் பலருக்கும் நெஞ்சு இளகியது.

"ஐயா சொல்றது நியாயம்" என்றார் பழனியாண்டி. "பொம்பளைங்க யாரும் வர வேணாம். ஆம்பளைங்க மட்டும் நடப்போம்."

அங்கேயே பூசாரி செல்லசாமியின் கையைப் பிடித்து இழுத்துக் காப்புக் கட்டினார். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இறுகியது. காப்புக் கட்டிய பிறகு பின்வாங்கினால் தோட்டத்தில் அதற்குப் பிறகு என்ன கெட்டது நடந்தாலும் அவர் தலையில்தான் விழும்.

கடைசி நம்பிக்கையாகத் தொரையிடம் ஓடினார். மெஷின் சாமான் வந்துவிட்டால் தான் ஸ்டோரில் இருக்க வேண்டாமா என்று கேட்டார். தொரை அவர் தோளில் தட்டினார். பக்கத்துத் தோட்டத்து டீமேக்கரைப் பேசி வைத்திருப்பதாகவும், நிம்மதியாகப் போய்வரும்படியும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பூரணியின் முன்னால் உட்கார்ந்தார். உனக்காக எல்லாவற்றையும் தொடங்கினேன், கடைசியில் உன்னையே விட்டுவிட்டுப் போக வேண்டியதாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

"பூரணி, பொம்பளைங்க வரக் கூடாதுன்னு முடிவாயிருச்சு."

"தெரியுங்க. அம்மாக்கண்ணு சொன்னா."

"நான் மட்டும்தான் போகணும்."

"போயிட்டு வாங்க. வேட்டி எல்லாம் தொவச்சு மடிச்சு வச்சிட்டேன். கால்ல முள்ளு குத்துனா போட மருந்தும் வச்சிருக்கேன்."

குரலில் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை. முகம் தெளிந்திருந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அன்று சாப்பாட்டில் இரண்டு கறி அதிகம் இருந்தது. தன் ஏமாற்றத்தை இவள் எப்படி மறைக்கிறாள் என்று நினைத்துச் செல்லசாமிக்குச் சோறு இறங்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

புறப்படும் காலையில் பனி மூடியிருந்தது. லொறிக்குள் அரோகரா சத்தம். மழுங்கச் சிரைத்த தலையோடு, காவடியைத் தாங்கிக்கொண்டு செல்லசாமி பின்பக்கத்தில் நின்றார். பூரணி வாசலிலேயே நின்று கையசைத்தாள். புருஷன் மாயாண்டியை வழியனுப்ப லொறியடிக்கு வந்த அம்மாக்கண்ணுவைச் செல்லசாமி அருகே கூப்பிட்டார். அவருக்கு இந்தப் பாரத்தை யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

"அம்மாவப் பாத்துக்க, அம்மாக்கண்ணு. யாலக் காட்டுக்குப் போகணும்னு அவ உங்கிட்ட பீலியடியில சொன்னத நான் கேட்டேன். அவ ஆசப்பட்டு ஒண்ணு கேட்டா. அதக்கூட என்னால செஞ்சு குடுக்க முடியல."

லொறி நகரத் தொடங்கியது. அம்மாக்கண்ணு குழப்பத்தோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

"அம்மா தான் போகணும்னு எங்கங்க சொன்னாங்க? நீங்க போகணும்னுதானே சொன்னாங்க."