மூன்றாவது புஷ்

“நிறுத்துபா! நிறுத்து!”

கண்ணாயிரம் கத்தி முடிப்பதற்குள் பழனி பட்டறை மெஷினின் சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட்டான். பிரயோசனமில்லை. வெளியே மாட்டுவண்டியில் கிடந்த அரவை மெஷின் தண்டில் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தால், அதன்மேல் கச்சிதமாக உட்கார வேண்டிய வெண்கல புஷ் தொளதொளவென்று ஆடியது.

கண்ணாயிரம் திருப்புட்குழி ரைஸ்மில்காரர். பழனிக்குத் தூரத்து மாமா. மகள் அலமுவை இவனுக்குக் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் வேலையைக் காஞ்சிபுரத்துக்கு, இவன் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார். வேண்டியது ஒரு புஷ். கொண்டுவந்தது மூன்று துண்டு வெண்கலம். அதுவே பழனிக்குச் சுருக்கென்றிருந்தது.

“கூரத்துல ஒரு பையன், கரண்டு ஆபீசு. அலமுவக் கேட்டுக்கினேதான் இருக்கிறாங்க,” என்றார், கூரையைப் பார்த்து.

“புது போரிங் ஹெட் மாமா. கை பழகல.”

மெட்ராஸிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. உளியைப் பிடித்துக்கொண்டு சுழல்வது அதுதான். அதிலிருந்த எண் போட்ட வளையத்தை வலப்பக்கம் திருகினால் உளி வெளியே தள்ளும், துளை பெரிதாகும். புதுச் சாமானாயிற்றே என்று சந்தனம், குங்குமமெல்லாம் வைத்திருந்தார்கள்.

“ஒரு வாட்டிதானே அளந்தேன்? இப்ப ரெண்டு வாட்டி அளக்கிறேன்.”

வளையத்தைச் சரியாக வைத்துவிட்டு, வண்டிக்கு ஓடித் தண்டை அளந்து வந்தான். சந்தேகம். மறுபடியும் ஓடினான். அவன் திரும்பி வரும்போதெல்லாம் கண்ணாயிரம் ஸ்டூலில் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது புஷ்ஷின் துளை முன்னதைவிடப் பெரிது.

“தம்பி, ஒரு விசயம்...” இரும்புச் சுருளைக் கூட்டிக்கொண்டிருந்த எல்லம்மாள் வாயெடுத்தாள்.

“அப்புறம் சொல்லுக்கா! கல்யாணமே ஆடிக்கினு இருக்குது!”

கடைசித் துண்டு. பழனி துணிக்கடைக் காலண்டரிலிருந்த முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். வளையத்தை வைத்தான். ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறையும் ஓடி அளந்துவிட்டு வந்தான். ஓட்டினான்.

மெஷின் வீலென்று அலறியது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

துளைக்குள் தண்டோடு சேர்ந்து பழனியின் சுண்டுவிரலும் தாராளமாக நுழைந்தது.

“இவ்ளோ ஜாக்கிரதையா இருந்துமா மாமா...”

கண்ணாயிரம் துண்டை உதறித் தோளில் போட்டார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. “உனுக்கு ராசி இல்லபா. நானும் என்னாலானதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன்.”

எல்லம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“இத்தத்தான் தம்பி காலைலேருந்து சொல்ல வரேன்! நீ அளக்க ஓடுற ஒவ்வொரு தபாவும், இவரு எழுந்து போயி அந்த வளையத்தத் தொட்டுக் கும்பிட்டு, ‘என் மருமவப்புள்ள கை ஜெயிக்கணும்’னு வலப்பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வந்துதான் உக்காருறாரு!”